மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு: 200 டி-சர்ட், 25 ப்ளவுஸ், 60 ஆயிரம் பட்ஜெட். திட்டம் சரியா?

பாபின்_கேஸ் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் சிடிஎஃப் (ஆடை வடிவமைப்பு) மூன்றாம் ஆண்டு படிக்கும் 14 பேர் சேர்ந்து, மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமான அக்டோபருக்காக ஒரு வேலை எடுத்திருக்கோம். திட்டம் இதுதான்:

ரோஸ் கலர் டி-சர்ட் 200. முன்னால் ரிப்பன் படம், கீழே ஒரு வாசகம். விலை 399. சட்டையும் பிரிண்டும் சேர்த்து ஒன்றுக்கு 230 ரூபாய் கொட்டேஷன் வந்திருக்கு. சிகிச்சையில் இருந்து மீண்டவர்களை வைத்து ஒரு சின்ன ராம்ப் ஷோ, அதுக்கு 14,000. வரும் லாபம் முழுக்க நோயாளிகளுக்கு உதவும் ஒரு அறக்கட்டளைக்கு. கூடவே, மார்பகம் நீக்கப்பட்ட பெண்களுக்கு 25 ப்ளவுஸ் நாங்களே தைத்து இலவசமாகக் கொடுக்கணும்.

கேள்விகள்: துணியும் பிரிண்டும் எப்படி எடுக்கணும்? வாசகம் என்ன வைக்கலாம்? ("சுய பரிசோதனை உயிர் காக்கும்" என்று யோசிச்சிருக்கோம்.) ப்ளவுஸ் பேட்டர்னில் என்ன மாற்றணும்? பணத்தில் கவனிக்க வேண்டியது என்ன? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

நிட்டிங்_ரோடு பதில்:

200 பீஸுக்குத் துணி வாங்கி, சாயம் போட்டு, வெட்டித் தைக்க இறங்காதீங்க. சாயப்பட்டறையில் அந்தச் சின்ன லாட்டை எடுக்கவே யோசிப்பாங்க. எடுத்தாலும் ஷேடு நீங்க கொடுத்த சாம்பிள் மாதிரி வராது. திருப்பூரில் ரெடி ஸ்டாக்கில் வெற்று டி-சர்ட் வாங்குங்க: 100 சதவீதம் காட்டன், 24ஸ் நூல் (எண் கூடினா நூல் மெலிசு), சிங்கிள் ஜெர்சி (சாதா பனியன் பின்னல்), 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), பயோ வாஷ் (மேலே இருக்கும் பிசிறை நீக்கும் சலவை) செய்தது. 30ஸ் நூலில் வரும் 140, 150 ஜிஎஸ்எம் விலை குறையும், ஆனா வெளிர் நிறத்தில் உள்ளாடை தெரியும். பெண்கள் ஒரு தடவை போட்டுட்டு மடிச்சு வச்சிடுவாங்க. நீங்களே தைக்கிறதா பிடிவாதமா இருந்தா, 180 ஜிஎஸ்எம்மில் கிலோவுக்கு சுமார் 4 அரைக்கை சட்டை வரும். 200க்கு 50 கிலோ, வேஸ்டேஜ் சேர்த்து 53.

பாலியஸ்டர் கலந்த ரோஸ் துணி மட்டும் வேண்டாம். மையை வேகவைக்கிற (க்யூரிங்) சூட்டில் துணியில் இருக்கும் சாயம் ஆவியாகி வெள்ளை மைக்குள் ஏறும். அன்னிக்கு வெள்ளையா இருந்த ரிப்பன் ரெண்டு நாளில் இளஞ்சிவப்பா நிக்கும். இதை மை கெட்டதுன்னு நினைச்சு பிரிண்டரோடு சண்டை போடுறவங்க நிறைய.

மொத்தமா வாங்கும் முன் ஒரு பீஸை எடுத்து 50 செ.மீ. சதுரம் வரைஞ்சு, துவைச்சு, காயவச்சு அளந்து பாருங்க. 47.5 வந்தா 5 சதவீதம் சுருக்கம், அது வரைக்கும் பொறுத்துக்கலாம். பக்கத் தையல் முறுக்கிக்கிட்டு தொப்புள் பக்கம் வந்திருந்தா அந்த லாட்டே வேண்டாம்.

பிரிண்ட்: ரோஸ் துணியில் வெள்ளை மைன்னா ரெண்டு ஓட்டு, நடுவில் ஃப்ளாஷ் சூடு. வெள்ளை அல்லது சந்தன நிறத் துணியில் ரோஸ் மைன்னா ஒரே ஓட்டு, செலவும் குறைவு. பிளாஸ்டிசால் (பிளாஸ்டிக் கலந்த) மைன்னா படலம் முழுக்க சுமார் 160 டிகிரி சூடு ஏறணும். மேலே காய்ஞ்சு உள்ளே வேகாம இருந்தா மூணாவது துவைப்பில் வெடிக்கும். ஆறின பிறகு ரெண்டு விரலால் இழுத்துப் பாருங்க, கோடு விட்டா வேகலைன்னு அர்த்தம். நெஞ்சு முழுக்க பிளாஸ்டிசால் பட்டையா அடிச்சா ரப்பர் ஷீட் போட்ட மாதிரி வேர்க்கும். வெளிர் துணிக்குத் தண்ணி மைதான் சுகம், ஆனா அக்டோபர் மழையில் அது காய நேரம் பிடிக்கும்.

கியூஆர் வைக்கிறதா இருந்தா 5 செ.மீ.க்குக் குறையாம, சுத்தி வெற்று ஓரம் விட்டு, வெளிர் துணியில் அடர் நிறத்தில். துணி இழுபடும், அதனால கோடு கொஞ்சம் சிதைஞ்சாலும் படிக்கிற மாதிரி எரர் கரெக்ஷன் ஹை லெவல் வச்சு உருவாக்குங்க. இலவச ட்ரையலில் கிடைக்கும் டைனமிக் கியூஆர் (வேறொரு நிறுவனத்தின் தளம் வழியா திருப்பிவிடுறது) வேண்டாம். ட்ரையல் முடிஞ்சதும் 200 சட்டையிலும் செத்த கோடு நிக்கும்.

---

ஓபி_சீட்டு பதில்:

வாசகத்தை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் அதுதான் தவறாக இருக்கிறது.

"சுய பரிசோதனை உயிர் காக்கும்" என்பதற்கு ஆதாரம் இல்லை. இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது ஷாங்காய் ஆய்வு. 2002இல் இறுதி முடிவு வந்தது. கலந்துகொண்ட சுமார் 2.66 லட்சம் பெண்களும் உங்கள் துறைக்காரர்கள்தான், ஜவுளி ஆலைத் தொழிலாளர்கள். முறையாகச் சுய பரிசோதனை கற்றுக்கொண்ட குழுவில் இறப்பு குறையவில்லை. புற்றுநோய் அல்லாத கட்டிகளுக்காகத் திசுப் பரிசோதனை செய்துகொண்டவர்கள்தான் கூடினார்கள். அதற்காக "மார்பைக் கவனிக்காதே" என்று ஆகிவிடாது. தன் உடலில் வழக்கமாக எது எப்படி இருக்கும் என்று தெரிந்திருப்பது, மாறினால் தள்ளிப்போடாமல் காட்டுவது, இந்த இரண்டும் வேண்டும். மாதாமாதம் தேதி வைத்துத் தடவிப் பார்ப்பதை மட்டும் நம்பி மருத்துவர் செய்யும் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

நம் ஊரில் தாமதத்துக்குக் காரணமாக அடிக்கடி கேட்கும் சொல் "வலிக்கவே இல்லையே" என்பது. மார்பகப் புற்றுக்கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிக்காது. எனவே என் யோசனை:

"வலிக்காத கட்டியையும் காட்டிவிடு."

கீழே சிறிய எழுத்தில்: 30 வயதுக்கு மேல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை உண்டு, விவரத்துக்கு 104. மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலின்படி 30 முதல் 65 வயது வரை 5 ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பணியாளர் கையால் செய்யும் பரிசோதனை இது. சட்டையைப் படித்தவர் மறுநாள் எங்கே போக வேண்டும் என்பது அந்தச் சட்டையிலேயே இருக்க வேண்டும்.

மற்ற அறிகுறிகளை விலைச்சீட்டு அட்டையின் பின்புறத்தில் அச்சிடுங்கள்: தோலில் குழி அல்லது ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, காம்பு புதிதாக உள்ளிழுத்தல், காம்பிலிருந்து ரத்தம் அல்லது நீர், அக்குளில் நெறி கட்டுதல், ஒரு பக்கம் மட்டும் வடிவம் மாறுதல். ஆண்களுக்கும் வரும், மொத்தத்தில் சுமார் 1 சதவீதம். அதையும் ஒரு வரி சேருங்கள்.

ரிப்பனைப் பற்றி ஒரு சங்கதி. ரோஸ் ரிப்பனுக்கு முன்னால் ஒரு பீச் நிற ரிப்பன் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சார்லட் ஹேலி என்ற பெண்மணி வீட்டிலேயே செய்து, ஒவ்வொன்றோடும் ஓர் அட்டை வைத்து விநியோகித்தார். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர், அதில் தடுப்புக்குப் போவது 5 சதவீதம்தான், இதை அணிந்து நம் பிரதிநிதிகளை எழுப்புங்கள் என்பது அந்த அட்டையின் சாரம். 1992இல் ஒரு பத்திரிகையும் ஓர் அழகுசாதன நிறுவனமும் சேர்ந்துகொள்ளக் கேட்டபோது, இது வணிகமாகிவிடும் என்று மறுத்துவிட்டார். அவர்கள் நிறத்தை மாற்றி ரோஸ் ஆக்கிக்கொண்டார்கள். ரிப்பன் உலகம் முழுக்கப் போனது, அட்டையில் இருந்த கோரிக்கை போகவில்லை. உங்கள் சட்டையில் ரிப்பன் இருக்கட்டும். அட்டையையும் விட்டுவிடாதீர்கள்.

வாசகத்தை நெஞ்சில் அல்ல, முதுகில் அச்சிடுங்கள். மார்பைப் பற்றிய வாசகத்தை மார்பிலேயே சுமந்துகொண்டு டவுன் பஸ்ஸில் ஏற எத்தனை பெண்கள் தயாராக இருப்பார்கள்? முதுகில் இருந்தால் வரிசையில் பின்னால் நிற்பவர் நிதானமாக முழுக்கப் படிப்பார். முதன்மை வரிக்கு எழுத்து உயரம் குறைந்தது 25 மி.மீ. தமிழில் இன்னொரு சிக்கல்: சின்ன எழுத்தில் புள்ளியும் ண, னை, ஞ சுழிகளும் மை நிரம்பி மூடிக்கொள்ளும். 8 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். கோப்பை எழுத்தாக அனுப்பாமல், கர்வ் ஆக (எழுத்துருவே தேவைப்படாத வரைகோட்டுப் படமாக) மாற்றி அனுப்புங்கள். பிரிண்டர் கணினியில் பழைய எழுத்துரு இருந்தால் "கொ", "கெ" எல்லாம் பிய்ந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். அச்சடிக்கும் ஸ்க்ரீனில் படம் ஏறியபின் திருத்த முடியாது.

ராம்ப் ஷோவுக்கு வருகிறவர்களிடம் நடப்பதற்கு ஒரு சம்மதம், படம் வெளியிட இன்னொரு சம்மதம், இரண்டும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்குச் சொல்லாமல் சிகிச்சை முடித்தவர்கள் இருப்பார்கள். அறுவை நடந்த பக்கத் தோளில் கனமான துப்பட்டாவோ ஜரிகை முந்தானையோ போடாதீர்கள்.

---

காஜா_மிஷின் பதில்:

பிள்ளைகளா, உங்க திட்டத்தில் உருப்படியான பகுதி அந்த 25 ப்ளவுஸ்தான். டி-சர்ட் யார் வேணும்னாலும் போடுவாங்க, இதைத் தைக்கத்தான் ஆள் இல்லை. கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

முதல்ல, யாருக்குத் தைக்கிறோம்? அறுவை முடிஞ்ச புதுசில், புண்ணில் ஊறுற நீரை வெளியேத்துற டிரெயின் குழாய் தொங்கும். அப்போ ப்ளவுஸே வேண்டாம், முன்னால் திறக்கிற தளர்ந்த மல் சட்டை, உள்பக்கம் டிரெயின் குமிழ் வைக்க ஒரு பை, அவ்வளவுதான். புண் ஆறினதும் எடுத்த மார்புக்குப் பதிலா லேசான பஞ்சு உருவம் வைக்கலாம். சிலிக்கான் உருவம் பொதுவா 6 முதல் 8 வாரம் கழிச்சு, அதுவும் சர்ஜன் சரின்னு சொன்ன பிறகு. கதிர்வீச்சு நடக்கிற நாட்களில் தோல் புண்ணா இருக்கும், அப்போ எதையும் உரச விடக் கூடாது. உங்க ப்ளவுஸ் மூணாவது கட்டத்துக்கு, அதாவது எல்லாம் ஆறி, புடவை கட்டி வெளியே போக நினைக்கிறவங்களுக்கு.

அளவு எடுக்கும்போது ரெண்டு பக்கமும் தனித்தனியா எடுக்கணும். தோளில் இருந்து பாயின்ட் (மார்பு முனை) வரை, நடுமார்பில் இருந்து பக்கத் தையல் வரை, கைச்சுற்றளவு ரெண்டு கைக்கும். அக்குள் நெறி எடுத்திருந்தா அந்தக் கை வீங்கும், ஒரு இஞ்சுக்கு மேல் வித்தியாசம் இருக்கலாம். வீங்கின கையின் அளவுக்கு ரெண்டு கையையும் வெட்டுங்க. கை சுற்றளவுக்கு மேல் 2 இஞ்சு தளர்வு. கைமுனையில் எலாஸ்டிக், இறுக்கமான பைப்பிங் கூடவே கூடாது, அது நிணநீர் ஓட்டத்தை அழுத்தும்.

வெளித்துணி நல்ல பக்கத்து அளவுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டணும். ஒரு பக்கம் டார்ட் (மார்பு வடிவுக்குப் பிடிக்கிற மடிப்புத் தையல்) இல்லாம தட்டையா வெட்டுறது வழக்கமான தப்பு. உள்ளே உருவம் வச்சதும் அந்தப் பக்கம் மேலே தூக்கிக்கும். நாலு டார்ட் போதும். கட்டோரியில் (கிண்ண வடிவில் துண்டு இணைக்கிற ப்ளவுஸ்) தையல் நேரா வடு மேல் வந்து உட்காரும், அதனால வேண்டாம்.

உட்பை: மெல்லிய மல் அல்லது பனியன் துணி. கழுத்து ஓரத்துக்கு 1 இஞ்சு கீழே ஆரம்பிச்சு அடிப்பட்டி வரை. வாய் அக்குள் பக்கம், மூணரை இஞ்சு திறப்பு, ஒரு மடல் இன்னொரு மடல் மேல் ஒன்றரை இஞ்சு ஏறணும். தலையணை உறை மாதிரி. ஏறாம விட்டா குனிஞ்சதும் உருவம் வெளியே வந்துடும், அந்த பயத்திலேயே அவங்க அதைப் போட மாட்டாங்க. தையல் விளிம்பு பைக்குள்ளே போகணும், தோல் பக்கம் வரக் கூடாது. ரெண்டு பக்கமும் பை வைங்க, யாருக்கு எந்தப் பக்கம்னு பிரிக்க வேண்டியிருக்காது.

கழுத்து: முன்கழுத்து 7 இஞ்சு வெட்டுற பழக்கத்தை இங்கே விடுங்க. அஞ்சரை, மிஞ்சினா ஆறு. சதை இல்லாத பக்கம் கழுத்தோரம் விரியும், குனிஞ்சா உள்ளே தெரியும். அந்த ஓரத்துக்குள் கால் இஞ்சு எலாஸ்டிக்கை இழுக்காம, படுக்கிற அளவுக்கு மட்டும் வச்சுத் தைங்க. தோள் அகலம் 3 இஞ்சு, உருவத்தோட எடையைத் தோள்தான் தாங்கணும்.

அக்குள்தான் கஷ்டமான இடம். ஆம்ஹோல் கீழே இறங்கினா வடு தெரியும், மேலே ஏறினா இறுக்கும். மேலேயே வச்சுக்கிட்டு, அக்குளில் 3 இஞ்சு சாய்சதுரத் துண்டு ஒன்னு க்ராஸில் வெட்டி இணைச்சுடுங்க. கை தூக்கும்போது ப்ளவுஸ் கூட வராது. ஹூக் முன்பக்கம்தான், பின்ஹூக் போடக் கை பின்னால் வளையாது. ஹூக்குக்குக் கீழே ஒன்னேகால் இஞ்சு உட்பட்டி அவசியம்.

துணி டூ பை டூ ரூபியா. ராத்திரி முழுக்கத் தண்ணியில் ஊறவச்சுக் காயவச்ச பிறகுதான் வெட்டணும். ஒரு ப்ளவுஸுக்கு 1 மீட்டர், உட்பைக்கு 40 செ.மீ. 25க்கு 25 மீட்டர் ரூபியா, 10 மீட்டர் மல். பக்கத்தில் 1 இஞ்சு பிடிமானம் விடுங்க, பின்னால் பிரிச்சுக்கலாம்.

உள்ளே வைக்கிற உருவத்தைக் காட்டன் நூலில் பின்னுங்க. நிட்டட் நாக்கர்ஸ் தளத்தில் பேட்டர்ன் இலவசமாவே கிடைக்குது. உல்லன் நூல் அரிக்கும். உள்ளே பாலிஃபைபர் பஞ்சு. எடை போதாம ப்ளவுஸ் மேலே ஏறுதுன்னு சிலர் அரிசி, கேழ்வரகு போட்டுத் தைக்கச் சொல்வாங்க. வேர்வையில் பூஞ்சை பிடிக்கும், துவைக்கவும் முடியாது. கண்ணாடி மணியைத் தனிப் பையில் தைச்சு அடிப்பக்கம் வைங்க.

கடைசியா ஒன்னு. 34, 36, 38ன்னு குத்துமதிப்பா 25 தைச்சுக் கொண்டுபோனா பாதி பேருக்குச் சேராது. அளவெடுக்க முடியலைன்னா உட்பையை மட்டும் 50 ஜோடி தைச்சு, அவங்ககிட்ட இருக்கிற ப்ளவுஸிலேயே வச்சுத் தைச்சுக் கொடுங்க. ஒரு ஜோடிக்கு அரை மணி நேரம், செலவும் சொற்பம். அவங்களுக்கும் தன் ப்ளவுஸ், தன் கலர்.

---

பாபின்_கேஸ்:

காஜா_மிஷின் அக்கா, ரொம்ப நன்றி. உட்பை யோசனை எங்களுக்குத் தோணவே இல்லை. வாசகத்தையும் மாத்திட்டோம். பணம் பத்தி யாராவது சொல்லுங்களேன். "லாபம் முழுவதும் நன்கொடை" என்று போஸ்டரில் போட்டுவிடலாமா?

---

பேரேடு பதில்:

போடாதீர்கள். முதலில் உங்கள் கணக்கையே பாருங்கள்.

சட்டை 200 × 230 = 46,000. ஷோ 14,000. பட்ஜெட் 60,000 அங்கேயே தீர்ந்துவிட்டது. ப்ளவுஸுக்கு ஒரு பைசா ஒதுக்கவில்லை. 200உம் விற்றால் வரவு 79,800, மிச்சம் 19,800. ஆனால் 140 மட்டும் விற்றால் வரவு 55,860. அதாவது 4,140 நஷ்டம். 151ஆவது சட்டை விற்கும் வரை அறக்கட்டளைக்கு ஒன்றுமில்லை. அந்த நிலையில் "லாபம் முழுவதும்" என்ற போஸ்டர் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. இப்படிப்பட்ட வாசகங்களை வைத்துத்தான் 2002இல் அமெரிக்காவில் ஒரு நோயாளர் உரிமை அமைப்பு, ரோஸ் நிறப் பொருள் வாங்கும் முன் யோசியுங்கள் என்று பிரசாரமே தொடங்கியது. எவ்வளவு போகிறது, யாருக்குப் போகிறது, உச்சவரம்பு உண்டா என்பவைதான் அவர்கள் கேட்கச் சொன்ன கேள்விகள்.

மாற்று: "ஒரு சட்டைக்கு 100 ரூபாய், இன்ன அறக்கட்டளைக்கு, நவம்பர் 15க்குள்." தொகை, பெயர், தேதி மூன்றும் அட்டையில் இருக்கட்டும். முன்பதிவு வாங்கி, பணம் வந்த அளவுக்கு மட்டும் அச்சடியுங்கள். அப்போது ஒரு சட்டையில் 399 − 230 − 100 = 69 மிஞ்சும். அந்த 69ஐ வைத்து 14,000 ஷோவை மூட 203 சட்டை விற்க வேண்டும். நடக்காது. ஷோவுக்குத் தனி ஸ்பான்சர் பிடியுங்கள், அல்லது கல்லூரி அரங்கிலேயே மேடை அலங்காரம் இல்லாமல் நடத்துங்கள். 150 சட்டை போனால் 69 வீதம் 10,350. 25 ப்ளவுஸுக்குத் தலா 414. துணி, நூல், ஹூக், உருவம் எல்லாம் அதில் அடங்கும், தையல் கூலி உங்கள் கைதானே.

அறக்கட்டளையிடம் பெயரும் சின்னமும் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 80ஜி சான்று (நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்க அறக்கட்டளை பெற்றிருக்க வேண்டியது) நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். சட்டை வாங்குபவருக்கு 80ஜி ரசீது கிடையாது, அவர் செய்தது கொள்முதல், நன்கொடை அல்ல. இதைக் கேட்டு வாக்குவாதம் வரும், அதனால் அட்டையிலேயே எழுதிவிடுங்கள். நன்கொடையாகவே தர விரும்புகிறவரை நேராக அறக்கட்டளைக்கு அனுப்புங்கள். ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தால் வரிச்சலுகை இல்லை.

பணத்தை மாணவி ஒருவரின் சொந்த யுபிஐயில் வாங்காதீர்கள். துறைக்கணக்கு, இரண்டு கையெழுத்து. மாநிலத்துக்குள் விற்கும்வரை ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. கேரளாவுக்கோ பெங்களூருக்கோ சட்டை அனுப்பத் தொடங்கினால் கதை வேறு. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா "நன்கொடை அனுப்புகிறேன்" என்றால், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதைத் தொடக்கூடக் கூடாது.

ஸ்டால் போடும் நாளில் பக்கத்து மேசையில் யாராவது "புற்றுநோயைக் குணமாக்கும்" பொடியோ கஷாயமோ விற்க இடம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். அப்படி விளம்பரம் செய்வதே மருந்து, மாய நிவாரண விளம்பரங்களைத் தடுக்கும் 1954 சட்டப்படி குற்றம், உங்கள் பேனருக்குக் கீழே நடந்தால் உங்களையும் கேட்பார்கள்.

---

நிட்டிங்_ரோடு:

பேரேடு சொன்ன முன்பதிவுக்கு நானும் ஓட்டு. ஆனா ஒரு திருத்தம்: முன்பதிவை செப்டம்பரில் ஆரம்பிச்சா வேலைக்கு ஆகாது. தீபாவளி நெருங்க நெருங்க ஜாப் ஒர்க் யூனிட் எல்லாம் நிரம்பி வழியும். 150 பீஸை அவசரத்துக்கு எடுக்க மாட்டாங்க, எடுத்தா ரேட் ஏத்துவாங்க. ஜூலையில் சாம்பிள், ஆகஸ்ட் 15க்குள் முன்பதிவு முடிச்சு, சைஸ் பிரிச்சு, செப்டம்பர் முதல் வாரம் பிரிண்ட். சைஸ் எஸ், எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் எல்லாம் கேளுங்க. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குத்தான் இந்தச் செய்தி முக்கியம், அவங்க சைஸ் உங்க கிளாஸ் சைஸ் இல்ல. முடிஞ்சா அவங்களுக்கு டி-சர்ட்டுக்குப் பதிலா அதே வாசகத்தைத் துணிப்பையில் அடிச்சுக் கொடுங்க. புடவை கட்டுறவங்க டி-சர்ட்டை எங்கே போடுறது?

---

காஜா_மிஷின்:

துணிப்பை நல்ல யோசனை தம்பி. ப்ளவுஸ் பக்கமும் அதே கதைதான், தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னால் எந்த டைலரும் புதுசா ஒன்னும் வாங்க மாட்டாங்க. ஓவர்லாக் மிஷினுக்கு வெளியே நம்பி இருக்கீங்கன்னா ஆகஸ்ட்டிலேயே முடிச்சுடுங்க. முதல்ல ஒரே ஒரு ப்ளவுஸ் தைச்சு, போடப்போறவங்ககிட்ட கொடுத்து ஒரு வாரம் கட்டிப் பார்க்கச் சொல்லுங்க. துணி காயப்போடக் கை தூக்கும்போது என்ன ஆகுது, பஸ் கம்பியைப் பிடிச்சா என்ன ஆகுதுன்னு கேட்டுக்கிட்டு, அப்புறம் மீதி 24ஐ வெட்டுங்க.